வாட்ச் அவுட்: எல்லாரும் சொல்றாங்க, பாதி பேர் தப்பா சொல்றாங்க

நாம தமிழ்ல "பாத்து"ன்னு ஒரே வார்த்தைய வெச்சு எல்லாத்தையும் சமாளிச்சிடுவோம், வண்டி இடிக்கற மாதிரி வந்தாலும் பாத்து, வெளியூர் கெளம்பறவங்களுக்கும் பாத்து போயிட்டு வாங்க, கண்ணாடி டம்ளர கையில குடுத்தாலும் பாத்து. இங்கிலீஷ்ல இந்த மூணுக்கும் ஒரே வார்த்தை ஒத்துவராது, வாட்ச் அவுட்டுல நடக்கற பாதி தப்பு இங்கதான் ஆரம்பிக்குது.

தனியா "வாட்ச் அவுட்!"னு சொன்னா அது கத்தறதுக்கான வார்த்தை, ஆபத்து இதோ இந்த நொடி வந்துட்டு இருக்கணும், பின்னாடி பைக் வருது, மேலருந்து ஏதோ விழுதுங்கற மாதிரி. இந்த நேரத்துல "டேக் கேர்!"னு கத்தறவங்கள பாத்திருக்கேன். டேக் கேர் பெரும்பாலும் போன வைக்கும்போதும் கெளம்பும்போதும் சொல்றது, லாரி மோத வரும்போது அத கேட்டா என்னமோ வழியனுப்பி வைக்கற மாதிரி இருக்கும். டம்ளருக்கு ரெண்டுமே வேணாம், "பி கேர்ஃபுல் வித் இட்" போதும்.

அடுத்த தப்பு பின்னாடி ஒட்டற வார்த்தைல. "நாய்கிட்டருந்து ஜாக்கிரதை"ன்னு மனசுல யோசிச்சிட்டு "வாட்ச் அவுட் ஃப்ரம் த டாக்"னு சொல்லிடறாங்க, சிலபேர் ஒண்ணுமே ஒட்டாம "வாட்ச் அவுட் த டாக்". ரெண்டும் தப்பு, "வாட்ச் அவுட் ஃபார் த டாக்"தான் சரி. ஆனா தலை, கால், படின்னு நாம கவனமா வெச்சுக்க வேண்டியதயே சொல்றப்போ அவுட்டும் வராது ஃபாரும் வராது, "வாட்ச் யுவர் ஹெட்", "வாட்ச் யுவர் ஸ்டெப்" அவ்ளோதான். பிரிட்டிஷ்காரங்க இங்க மைண்ட் போடுவாங்க, லண்டன் அண்டர்கிரவுண்ட் ரயில்ல 1968ல இருந்து ஒலிக்கற "மைண்ட் த கேப்" அந்த வகைதான், ரயிலுக்கும் பிளாட்ஃபார்முக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய பாத்துன்னு அர்த்தம், இடைவெளிய மனசுல வெச்சுக்கோன்னு அர்த்தம் பண்ணாதீங்க.

இன்னொண்ணு, வாட்ச் அவுட் ஃபார்னா எப்பவும் ஆபத்துன்னு இல்ல. ஒரு புது பிளேயர பத்தி "வாட்ச் அவுட் ஃபார் ஹிம்"னு கமெண்டேட்டர் சொன்னா பெரும்பாலும் பாராட்டுதான், பையன் பெருசா வருவான் கவனிங்கன்னு அர்த்தம். அதையே ஒரு ஆஃபீஸ்ல புதுசா சேந்தவர்கிட்ட இன்னொருத்தர காட்டி தாழ்ந்த குரல்ல சொன்னா, ஆளு சரியில்ல உஷாரா இருன்னு ஆயிடும்.

இதவிட மோசமா மாட்டிக்கற எடம் டோன். நல்ல எண்ணத்துல மேனேஜருக்கு "யூ பெட்டர் வாட்ச் அவுட்"னு மெயில் போட்டா அவர் படிக்கறது "ஜாக்கிரதையா இருந்துக்கோ, சொல்லிட்டேன்"னு, அதாவது மிரட்டல். "வாட்ச் இட்!" அதுக்கும் மேல, சண்டைக்கு முந்தின படின்னே வெச்சுக்கலாம், இடிச்சிட்டு போறவன பாத்து கோவமா சொல்றது. நாளைக்கு சர்வர் வேலை செய்யாதுங்கற மாதிரி முன்கூட்டி தகவல் சொல்லணும்னா "ஜஸ்ட் எ ஹெட்ஸ் அப்"னு ஆரம்பிங்க, யாருக்கும் உறுத்தாது. மைதானத்துல யாராவது "ஹெட்ஸ் அப்!"னு கத்தினா மட்டும் கத வேற, பந்து ஒங்க பக்கம் வருதுன்னு அர்த்தம்.

லுக் அவுட்டும் அவசரத்துக்கு கத்த வாட்ச் அவுட் மாதிரியேதான், ரயில்ல "லுக் அவுட்!"னு யாரோ எச்சரிக்க, வெளிய பாக்க சொல்றாங்கன்னு ஜன்னல்ல தலைய நீட்டினவர் பத்தின பழைய ஜோக் ஒண்ணு உண்டு, ஒவ்வொரு வார்த்தையா பிரிச்சு அர்த்தம் பண்ணா அதான் நடக்கும். "ஹி லுக்ஸ் அவுட் ஃபார் மீ"ன்னா எனக்கு எதுவும் ஆகாம பாத்துக்கறான்னு, இதுல பயப்பட ஒண்ணுமில்ல.

கடைசியா பிவேர், அதாங்க கேட்டுல நாய் படத்தோட தொங்கற போர்டு. இந்த போர்டு சமாச்சாரம் ரொம்ப பழசு, கி.பி. 79ல எரிமலைல புதைஞ்ச இத்தாலியோட பாம்பேய் நகரத்துலயே ஒரு வீட்டு வாசல் தரையில சங்கிலி போட்ட நாய் படமும் நாய் ஜாக்கிரதைன்னு லத்தீன் எழுத்தும் இருக்கு. பிவேர் பின்னாடி ஃபார் வராது, ஆஃப்தான். இன்னிக்கு இங்கிலீஷ்ல அதுக்கு இறந்தகாலமும் கெடையாது, "ஐ பிவேர்டு"ன்னு எழுதிடாதீங்க, "ஐ வாஸ் கேர்ஃபுல்"னு எழுதிட்டு போயிடுங்க.