சைக்கிளில் சென்றவரை இடித்துவிட்டு வண்டி நிற்காமல் போய்விட்டால் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் இத்தகைய விபத்துகளில் இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் முதல் சில நாட்களில் தாளில் ஏறும் சொற்களைப் பொறுத்தே அமைகின்றன.

முதல் வேலை 108க்கு அழைப்பது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் முதல் 48 மணி நேரத்தில், திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட சிகிச்சைகள் இலவசமாகக் கிடைக்கும்.

அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உடன் வந்தவர் பதற்றத்தில் “சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார்” என்று சொல்ல, பணி மருத்துவர் அதையே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டால், பிறகு காவல் நிலையத்தில் என்ன சொன்னாலும் முரண்பாடு என்றே பார்க்கப்படும். “அடையாளம் தெரியாத வாகனம் மோதியது” என்பதை இடம், நேரத்துடன் சொல்லி, பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியையும் கேட்டு வாங்குங்கள்.

இதற்கிடையே வேறொருவர் விபத்து நடந்த இடத்துக்குச் சென்று, உடைந்த இண்டிகேட்டர் துண்டு, பெயர்ந்த பெயிண்ட், சைக்கிள் கிடந்த நிலை ஆகியவற்றை எதையும் நகர்த்தாமல் படமெடுக்க வேண்டும். போலீசார் பார்வையிடும்வரை சைக்கிளைப் பழுது பார்க்கக் கூடாது. அருகிலுள்ள கடை, பெட்ரோல் பங்க் கேமராக்களில் பழைய பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடுவதால், அவற்றை உடனே எடுத்து வைக்கும்படி உரிமையாளரிடமும், கைப்பற்றும்படி காவல் நிலையத்திலும் கேளுங்கள். வண்டி எண்ணில் இரண்டு இலக்கம் மட்டுமே நினைவிருந்தாலும் புகாரில் எழுதுங்கள்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவைப்பது நம் ஊர் வழக்கம். அது புகார் வந்ததற்கான ஒப்புகை மட்டுமே; உங்களுக்குத் தேவை முதல் தகவல் அறிக்கை, அதன் நகல் இலவசம். பதிய மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார் அனுப்பலாம்.

வண்டி பிடிபடாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். வெறும் சிராய்ப்புக்கு இத்திட்டத்தில் எதுவும் இல்லை. தொகை குறைவுதான், ஆனால் கேட்காதவருக்கு அதுவும் வராது. முதல் தகவல் அறிக்கை, மருத்துவ ஆவணங்கள், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றுடன் படிவம் 1ஐ நிரப்பி, விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். விசாரணை அறிக்கையின்மேல் உத்தரவிடுபவர் மாவட்ட ஆட்சியர். ஒரு மாதத்துக்குள் வண்டி தெரியவராவிட்டால் இத்திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குக் காவல் நிலையம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் உத்தரவிட்டிருப்பதால், கடிதம் வராவிட்டால் நிலைய அலுவலரிடம் அந்த உத்தரவைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்.

பின்னர் வண்டி பிடிபட்டால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கோரலாம். ஏற்கெனவே பெற்ற தொகையை அதிலிருந்து திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும். அந்த மனுவுக்குச் சட்டம் குறிக்கும் காலம் விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்பதால், புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை அதற்குள் அவ்வப்போது எழுத்துமூலம் கேட்டுக்கொண்டிருப்பது அவசியம்.