காப்பி அடிப்பதா, எடுப்பதா, போடுவதா?

ஆங்கிலத்தில் மெயில் எழுதப் பழகுகிறவர்கள் ‘காப்பி’ என்ற வினைச்சொல்லைக் கண்டு பயப்படுவதே இல்லை. நாள் முழுக்கத் தமிழிலேயே புழங்குகிற சொல் ஆயிற்றே. எழுத்துப் பிழை என்றால் கணினி சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும், அதை விடுவோம். கோடு விழாத பிழைகள்தான் மானத்தை வாங்குபவை. பழையவர்கள் செய்ததையே புதிதாகச் சேர்கிறவர்களும் வரி பிசகாமல் செய்கிறார்கள்.

யாரை, யாருக்கு, யாரிடமிருந்து

பரீட்சையில் காப்பி அடிக்கிறோம், கடையில் காப்பி எடுக்கிறோம், மெயிலில் காப்பி போடுகிறோம், நண்பரிடம் காப்பி வாங்குகிறோம். இவற்றில் வேலை செய்வதெல்லாம் அடி, எடு, போடு, வாங்கு என்ற வினைகள்தான். காப்பி அங்கே வெறும் பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் காப்பியே வினையாகும்போது ஃப்ரம், டு, இன், ஆன் போன்ற குட்டிச் சொற்கள்தான் பொருளைப் பிரித்துக் காட்டும். அதில் ஒன்றை மாற்றிப் போட்டாலும் இலக்கணம் சுத்தமாகவே இருக்கும்; அர்த்தம் மட்டும் கவிழ்ந்துவிடும்.

பயிற்சிக்கு வந்த ஒருவர், மாதிரிக்கு என்று சீனியரின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வைத்திருந்தார். அதை ‘ஐ காப்பிட் த ரிப்போர்ட் ஃப்ரம் மை சீனியர்’ என்று மேலதிகாரிக்கு எழுதினார். சீனியரிடமிருந்து காப்பி வாங்கினேன் என்பது அவர் மனதில் இருந்தது. படித்தவருக்கோ, சீனியரைப் பார்த்துக் காப்பி அடித்தேன் என்ற ஒப்புதல் வாக்குமூலம். செய்யாத திருட்டுக்கு விளக்கக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று. ‘ஐ காட் எ காப்பி ஃப்ரம் மை சீனியர்’ என்றிருந்தால் தீர்ந்தது.

ரவி என்று ஒருவரை வைத்துப் பாருங்கள். ‘ஐ காப்பிட் ஃப்ரம் ரவி’ என்றால் அவரைப் பார்த்து எழுதினேன். ‘ஐ காப்பிட் இட் டு ரவி’ என்றால் அவருக்கும் ஒரு நகல் அனுப்பினேன். ‘ஐ காப்பிட் இட் ஃபார் ரவி’ என்றால் அவருக்காக நகல் எடுத்துக் கொடுத்தேன். எந்தக் குட்டிச் சொல்லும் இல்லாத ‘ஐ காப்பிட் ரவி’தான் வில்லங்கம்: மெயில் பற்றிய பேச்சில் சிசி போட்டேன் என்று ஆகும், மற்ற இடங்களில் அவர் செய்ததையே நானும் செய்தேன் என்று ஆகும். மெயிலில் ‘ஐ ஹேவ் காப்பிட் ரவி ஆன் திஸ் மெயில்’ அல்லது ‘ஐ ஹேவ் காப்பிட் ரவி இன்’ என்று முழுசாக எழுதிவிட்டால் குழப்பமே வராது.

தடுமாறினால் முதலில் தமிழில் சொல்லி, வினையைப் பாருங்கள். அடி என்றால் காப்பி ஃப்ரம். எடு என்றால் மேக் எ காப்பி. வாங்கு என்றால் கெட் எ காப்பி. போடு என்றால் ஆளின் பெயரோடு ஆன் அல்லது இன்.

டவுனும் அவுட்டும்

போர்டில் இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது காப்பி டவுன். இருப்பதை முழுவதும் திரும்பக் கையால் எழுதுவது காப்பி அவுட். கட்டுரையைப் பத்துத் தடவை எழுதச் சொல்லும் தண்டனை இரண்டாவது ரகம்.

ஜெராக்ஸ்

அது கம்பெனியின் பெயர். 1959இல் வந்த ஜெராக்ஸ் 914 இயந்திரத்தின் புகழ், பெயரை வினையாகவே ஆக்கிவிட்டது. நம்மூர்க் கடையில் தாராளமாகக் கேளுங்கள். வெளிநாட்டுக் கடிதத்தில் ஃபோட்டோகாப்பி என்று எழுதுங்கள்.

டூப்ளிகேட்

டூப்ளிகேட் சாவி சரி. போலிச் சரக்கை டூப்ளிகேட் என்பது நம்மூர் வழக்கம். வெளியூர்க்காரர் காதில் ‘அதேபோல இன்னொன்று’ என்றுதான் விழும். போலிக்கு ஃபேக் அல்லது கவுண்டர்ஃபீட்.

கையெழுத்து

அடுத்தவர் கையெழுத்தை ஏமாற்றுவதற்காகப் போட்டால் அது காப்பி இல்லை, ஃபோர்ஜ். குற்றம்.

மிமிக்

நம் மேடைகளில் மிமிக்ரி கைதட்டல் வாங்கும் கலை. ஆங்கிலத்தில் ஒருவரை மிமிக் செய்தேன் என்றால் பெரும்பாலும் கேலியும் சேர்ந்தே வரும். மரியாதையோடு பின்பற்றினால் ஃபாலோ அல்லது எமுலேட்.

‘காப்பி தட்’

வயர்லெஸ்காரர் பேச்சு. சொன்னது கிடைத்தது என்பது மட்டும்தான் பொருள். செய்கிறேன் என்ற உறுதிக்கு அவர்களிடமே ‘வில்கோ’ என்று தனிச்சொல் உண்டு. மேலதிகாரி ஐந்து மணிக்குள் கேட்ட வேலைக்கு ‘காப்பிட்’ என்று பதில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

காப்பிரைட், காப்பிரைட்டர்

முதலாவது பதிப்புரிமை, இரண்டாவது விளம்பரம் எழுதுபவர். எழுத்துக்கூட்டலும் வேறு.