எஃப்எம் நிலையத்தின் பாட்டு வரிசையை மாற்றுவது எப்படி?

புதுப் பாட்டையே போட்டுவந்த உள்ளூர் எஃப்எம்மை எண்பது, தொண்ணூறுகளின் பாட்டுக்குத் திருப்புகிறீர்களா? ஜிங்கிளையும் (நிலையத்தின் பெயரைச் சொல்லும் சிறு இசைத்துணுக்கு) விளம்பர வாசகத்தையும் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம். முதல் வேலை ஒரு மணி நேரத்தைப் பிரித்து எழுதுவது.

உங்களுடையது சமுதாய வானொலி என்றால், விளம்பர வரம்பு 2024 முதல் மணிக்கு 12 நிமிடம். அதை முழுதாக எடுத்துக்கொண்டு, ஆர்ஜே பேச்சுக்கு 6 நிமிடம், ஜிங்கிளுக்கு ஒன்றரை நிமிடம் போனால் மிச்சம் நாற்பதரை நிமிடம். நாலரை நிமிடப் பாட்டாக வைத்தால் ஒன்பது பாட்டு: எண்பதுகள் 4, தொண்ணூறுகள் 3, புதுசு 2. எண்பதுகளையும் தொண்ணூறுகளையும் பிரிக்கும் கோட்டை 1990-இல் போடாதீர்கள், 1992-இல் போடுங்கள். ரகுமான் வந்தபின் பாட்டின் ஒலியே வேறாகிவிட்டது. காதுக்குத் தெரியும் எல்லை அதுதான்.

அடுத்தது எண்ணிக்கை. பெரும்பாலான நிலையங்கள் சறுக்குவது இங்கேதான். காலை 5 முதல் இரவு 11 வரை 18 மணி நேரம் என்றால், புதுப் பாட்டுக்கு நாளைக்கு 36 இடம். அதில் 12 பாட்டைச் சுழற்றினால் 36 மீதியின்றி வகுபடும். ஒரே பாட்டு தினமும் ஒரே நேரத்துக்கு வரும். கடை திறக்கும் நேரத்தில் ரேடியோ போடுகிறவர், நீங்கள் ஒரே பாட்டைத்தான் போடுகிறீர்கள் என்று நினைப்பார். 13 பாட்டு வையுங்கள், நேரம் தானாக நகரும். எண்பதுகளுக்கு நாளைக்கு 72 இடம். 360 பாட்டு வைத்தால் ஐந்தாம் நாள் அதே நேரத்தில் வந்து நிற்கும். 350 வைத்தால் இரண்டரை மணி நேரம் முன்னால் வரும். கையில் இருக்கிறதே என்று 3000 பாட்டையும் கொட்டக்கூடாது. ஒரு பாட்டு திரும்பி வர நாற்பது நாளுக்கு மேலாகும், ஊரே முணுமுணுக்கும் பாட்டு யார் காதிலும் விழாது.

ஒரே இசையமைப்பாளரின் பாட்டு அடுத்தடுத்து வரக்கூடாது என்ற விதி எண்பதுகளில் செல்லாது. பட்டியலில் பெரும்பகுதி இளையராஜாதான்; விதியை இறுக்கினால் பாட்டு வரிசையை அமைக்கும் மென்பொருள் இடத்தை நிரப்ப முடியாமல் காலியாக விடும். அந்த விதியைத் தளர்த்திவிட்டு, பாடகர், வேகம், மனநிலை ஆகியவற்றில் இடைவெளி வையுங்கள். எஸ்பிபியின் தனிப்பாடல்களுக்கு நடுவே இரண்டு பாட்டாவது இருக்கட்டும். இது வேலை செய்ய, பெயர் எங்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஓரிடத்தில் எஸ்பிபி, இன்னோரிடத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் என்று இருந்தால் மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு பேர். பாட்டை ஏற்றும்முன் பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் அடுக்கிப் பாருங்கள், தவறுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

பழைய கேசட்டிலிருந்து எடுத்த கோப்பு மெதுவாகக் கேட்கும், புதுப் பாட்டு அலறும். நூலகம் முழுவதையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவாருங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3-ஐ, அதாவது தரம் குறைத்துச் சுருக்கிய கோப்பை, சுருக்காத வேவ் கோப்பாக மாற்றினால் தரம் கூடிவிடாது. நல்ல பிரதியைத் தேடி எடுப்பதே வழி. முன்னிசை எத்தனை நொடி என்று ஒவ்வொரு பாட்டிலும் குறித்துவிடுங்கள், இல்லையென்றால் ஆர்ஜே பல்லவியின் மேல் பேசுவார்.

மாற்றத்தைப் பகல் 11 முதல் 4 வரை தொடங்கி, இரண்டு வாரம் கழித்து மாலைக்குக் கொண்டுபோங்கள். காலை பக்திப் பாடல்களையும் இரவு பத்து மணி மெலடியையும் கடைசிவரை தொடவேண்டாம். நிலையத்துக்கு நிரந்தர நேயர்கள் இருப்பது அந்த இரண்டு நேரத்திலும்தான்.