நாய்க்குட்டியின் முதல் இரவுகள்: அழாமல் உறங்க வைப்பது எப்படி

எங்கள் முத்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த அன்று, அதைக் குசினியில் விட்டுக் கதவைச் சாத்தினேன். "கொஞ்ச நேரம் அழுதிட்டுப் படுத்திடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். படுக்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால், கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது. உங்கள் குட்டிக்கு அந்த அரை மணித்தியாலம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எட்டு வாரக் குட்டி அதுவரை ஓர் இரவும் தனியாகப் படுத்ததில்லை. தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டே தூங்கியது. அது அழுவது குழப்படி இல்லை, பயம்.

குட்டியை எடுக்கப் போகும்போது

எட்டு வாரம் முடியுமுன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். ஒரு பழைய சாரத்தை முன்கூட்டியே கொடுத்து, தாயும் குட்டிகளும் படுக்கும் இடத்தில் இரண்டு நாள் போட்டுவைக்கச் சொல்லுங்கள். அந்த மணம்தான் முதல் கிழமையின் துணை.

படுக்கை

குட்டி ஏறிக் குதிக்க முடியாத உயரத்தில் ஓர் அட்டைப்பெட்டி போதும். அடியில் பேப்பர், மேலே சாரம், ஓரத்தில் சாய்ந்துகொள்ளச் சுருட்டிய துவாய். சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்கும் வழக்கம் குளிர் நாடுகளுக்குத்தான். கொழும்புப் புழுக்கத்தில், அறையில் ஏசி போட்டாலொழிய அது தேவைப்படாது. நுளம்புச் சுருளைப் பக்கத்தில் கொளுத்தாதீர்கள், புகை குட்டியின் மூச்சுக்கு ஆகாது. பெட்டிக்கு மேல் வலைத்துணி போடுங்கள்.

பெட்டியைக் கட்டிலோடு ஒட்டி வையுங்கள், படுத்தபடியே கை எட்ட வேண்டும். பக்கத்தில் வைத்தால் கெட்டுப்போகும் என்பார்கள். நான் அதை நம்பவில்லை. பயம் தெளிந்த குட்டிதான் பிறகு தனியாகப் படுக்கும்.

மாலையிலிருந்து

கடைசிச் சாப்பாடு 7 மணிக்கு. பசும்பாலோ பால்மாவோ வேண்டாம், வயிற்றால் போனால் இரவு முழுக்க அவதி. தண்ணீரை மட்டும் மறிக்காதீர்கள். எட்டு மணிபோல் நன்றாக விளையாட விட்டு, அப்புறம் வீட்டை அமைதியாக்குங்கள்.

படுக்குமுன் சிறுநீர் கழிக்க வையுங்கள். தொடர்மாடி என்றால் பால்கனியில் மண் போட்ட தட்டு ஒன்று போதும். தடுப்பூசிகள் முடியும்வரை, அதாவது சுமார் 16 வாரம்வரை, தெருவில் இறக்க வேண்டாம். குட்டிகளுக்குக் கடும் வயிற்றோட்டம் தரும் பார்வோ வைரஸ் தெரு மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே சொல். போனதும் "கெட்டிக்காரப் பிள்ளை" என்று தடவுங்கள்.

கீழ் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை. "அன்ரி, குட்டி வந்திருக்கு, ரெண்டு மூண்டு நாளைக்கு அழும், குறை நினைக்காதேங்கோ." இதற்குப் பிறகு அவர் காலையில் கேட்டதெல்லாம் "பிள்ளை படுத்ததா?" என்றுதான்.

சாமத்தில் அழுதால்

இரண்டு அழுகை உண்டு. படுத்தவுடன் வரும் மெல்லிய முனகல் துணை தேடுவது. கையைப் பெட்டிக்குள் விட்டு, பேசாமல் வைத்திருங்கள். முத்து என் விரலில் தாடையை வைத்து, ஒரு நீண்ட மூச்சு விட்டுத்தான் கண்ணை மூடும். கரையோர ரயில் கூவினாலும் இதே வைத்தியம்தான்.

நன்றாகத் தூங்கி, திடீரென்று எழுந்து பெட்டியைப் பிறாண்டி அழுதால் அது சிறுநீர். இந்த வயதில் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அடக்க முடியாது. அதனால் அழும்வரை காத்திராமல் 1 மணிக்கும் 4 மணிக்கும் அலாரம் வையுங்கள். பெரிய லைட் போடாமல் தூக்கிப் போய், முடிந்ததும் திரும்பப் பெட்டிக்குள். விளையாட்டு இல்லை, கதை இல்லை. நனைத்திருந்தால் ஏசாதீர்கள், பேப்பரை மாற்றினால் சரி.

வாந்தி, வயிற்றோட்டம், சாப்பிட மறுப்பு இருந்தால் மட்டும் விடியும்வரை பார்த்திருக்காமல் மிருக வைத்தியரை அழையுங்கள்.

பெட்டியை நகர்த்துதல்

நான்கைந்து இரவு தொடர்ந்து அமைதியாகப் படுத்தபின், பெட்டியை ஓர் அடி தள்ளி வையுங்கள். அழுதால் அடுத்த நாள் பழைய இடத்துக்கே. முத்து ஹோலுக்குப் போய்ச்சேர ஆறு கிழமை எடுத்தது. சாரமும் கூடவே போனது.