இந்தோனேசிய விடுதலைப் போரைப் பற்றி எழுதும்போது வரும் தவறுகள்

இந்தோனேசியா விடுதலை அடைந்தது 1945 ஆகஸ்ட் 17 என்று எழுதிவிட்டுப் பலரும் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். தேதி சரிதான், ஆனால் அன்று நடந்தது பிரகடனம் மட்டும்தான். டச்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தது 1949 டிசம்பர் 27. நடுவே நாலு வருஷத்துக்கும் மேல் சிந்திய ரத்தத்தை விட்டுவிடுவதுதான் முதல் தவறு.

அப்புறம், "ஜப்பான் கொடுத்த விடுதலை" என்று எழுதாதீர்கள். போரின்போது நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான் விடுதலை தருவதாக வாக்குறுதி தந்தது உண்மை. ஆனால் ஆகஸ்ட் 15 அன்று அதுவே சரணடைந்துவிட்டது. இனியும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று இளைஞர்கள் மறுநாள் விடியற்காலையில் விடுதலை இயக்கத் தலைவர்களான சுகர்ணோவையும் ஹத்தாவையும் ஜகார்த்தாவுக்கு வெளியே கடத்திக்கொண்டே போய்விட்டார்கள். அன்றிரவு நகருக்குத் திரும்பி, மயேதா என்ற ஜப்பானியக் கடற்படைத் தளபதியின் வீட்டில் உட்கார்ந்து எழுதிய பிரகடனம் இரண்டே வாக்கியம். தட்டச்சுப் பிரதியில் ஆண்டு '05' என்று இருக்கும். அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட வேண்டாம், ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் அது 2605. விடுதலை அறிவித்த தாளிலேயே ஆக்கிரமித்தவனின் காலண்டர்! எவ்வளவு அவசரத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது சூராபாயாவில். 1945 நவம்பர் 10 அன்று அந்த நகரத்தைத் தாக்கியது டச்சுப் படை இல்லை, ஜப்பானியரின் சரணடைவை ஏற்க வந்திருந்த பிரிட்டிஷ் படை. அதிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அக்டோபர் 30 அன்று பிரிட்டிஷ் பிரிகேடியர் மல்லபி கொல்லப்பட்டதும் கெடு விதித்து, கடலிலிருந்தும் வானிலிருந்தும் குண்டு பொழிந்தார்கள். நகரம் வீழ ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. தோற்ற சண்டைதான், ஆனாலும் இந்தோனேசியர்கள் நவம்பர் 10-ஐ மாவீரர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அடிமை நாட்டுச் சிப்பாயை அனுப்பி இன்னொரு அடிமை நாட்டை அடக்கிய கதை இது, இந்தியாவில் உட்கார்ந்து எழுதுகிற நாம் இதை விட்டுவிடவே கூடாது.

1947 ஜூலையிலும் 1948 டிசம்பரிலும் நடந்த டச்சுத் தாக்குதல்களை "போலீஸ் நடவடிக்கை" என்று அப்படியே எடுத்து எழுதுவதும் தவறு. அது டச்சு அரசு வைத்த பெயர். ஒரு லட்சத்துக்கும் மேல் படைவீரர்களை இறக்கியதற்கு எந்த ஊரில் போலீஸ் நடவடிக்கை என்று பெயர்? அங்கே நடந்த வன்முறைக்காக அப்போதைய டச்சுப் பிரதமர் மார்க் ருட்டே 2022-இல் மன்னிப்புக் கேட்டார்.

1948 டிசம்பர் 19 அன்று குடியரசின் அப்போதைய தலைநகர் யோக்யகர்த்தா வீழ்ந்து சுகர்ணோ கைதானதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. சரி, தளபதி சுதிர்மான்? காசநோயால் ஒரு நுரையீரல் செயலிழந்த நிலையில், பல்லக்கு மாதிரி ஒரு நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்டு, மலைக்காடுகளில் மாதக்கணக்கில் கெரில்லாப் போரை நடத்தினார். 1949 மார்ச் 1 அன்று குடியரசுப் படை யோக்யகர்த்தாவுக்குள் புகுந்து ஆறு மணி நேரம் நகரைக் கையில் வைத்திருந்தது.

கடைசியில், ஆட்சியை ஒப்படைப்பதைப் பேசி முடித்த ஹேக் மாநாட்டை முழு வெற்றியாக எழுதிவிடுகிறார்கள். மேற்கு பாப்புவாவை டச்சுக்காரர்கள் விட்டுத்தரவில்லை. அதோடு 430 கோடி கில்டர் கடனும் புது நாட்டின் தலையில் விழுந்தது. அந்தக் கடனில் ஒரு பகுதி, இந்தோனேசியர்களை அடக்க டச்சுப் படை செலவழித்த பணம்.