நாள் எண்ணத் தொடங்குவது எப்போது: நிறுவன ஆவணங்களுக்குப் பேணல் விதியும் அழிப்பு விதியும் அமைக்கும் முறை

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எண்ணோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். கோப்பைத் திறந்த நாளில் இந்தக் குறியீடு விழுவதில்லை; முடிவெடுத்து மூடும் நாளில்தான் விழுகிறது. கணினியில் பேணல் விதி (ஒரு ஆவணத்தை எவ்வளவு காலம் வைத்திருந்து எப்போது அழிப்பது என்ற விதி) அமைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். எத்தனை ஆண்டு என்று விசாரித்துக்கொள்கிறார்கள். எந்த நாளிலிருந்து என்று விசாரிப்பதில்லை.

இந்தியாவில் பதிவுபெற்ற ஒரு தனியார் வரையறு நிறுவனம் (பிரைவேட் லிமிடெட்) தன் கணக்கு ஆவணங்களை ஷேர்பாயிண்ட் என்ற மைக்ரோசாஃப்டின் ஆவணச் சேமிப்பிடத்தில் வைத்து, அதே நிறுவனத்தின் ஆவண நிர்வாக மென்பொருளான பர்வியூ வழியாக அவற்றின் ஆயுளை நிர்ணயிக்கிறது என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வேறு மென்பொருளில் பொத்தான்களின் பெயர் மாறலாம், வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு அட்டவணை வேண்டும். ஒவ்வொரு ஆவண வகைக்கும் நேரே எந்தச் சட்டம் கேட்கிறது, எவ்வளவு காலம், எந்த நாளிலிருந்து, முடிவில் அழிப்பதா வைத்திருப்பதா, யார் ஒப்புதல் தருவது என்று ஐந்து பத்திகள் போதும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 128(5) பிரிவு, கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும், நடப்பு நிதியாண்டுக்கு உடனடியாக முந்தைய 8 நிதியாண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொல்கிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடும் உறுப்பினர் பதிவேடும் நிரந்தரமானவை. வேலைக்கு விண்ணப்பித்துத் தேர்வாகாதவர்களின் விவரங்கள் இதற்கு நேர் எதிர்: நோக்கம் முடிந்தபின் தனிநபர் தரவை, வேறு சட்டம் கேட்டாலன்றி, அழித்துவிட வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்போம் என்ற பழைய பழக்கம் இனிப் பாதுகாப்பான வழி ஆகாது.

இப்போது ஒரே ஒரு விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். அதன் தேதி 5.4.2022. 72 மாதம் என்பதை ஆறு ஆண்டு என்று மாற்றி, ஆவணம் உருவான நாளிலிருந்து எண்ணும்படி விதி போட்டால், 2028 ஏப்ரலில் அது அழிந்துவிடும். ஆனால் 2022-23க்கான ஜிஎஸ்டி ஆண்டறிக்கையின் கடைசி நாள் 31.12.2023, அதிலிருந்து 72 மாதம் என்றால் 31.12.2029. நிறுவனங்கள் சட்டத்தின் கணக்கோ இன்னும் நீள்கிறது: 2030-31 முடியும்வரை 2022-23 அந்த முந்தைய எட்டுக்குள்தான் இருக்கும், எனவே 31.3.2031 வரை அந்தத் தாளைத் தொடக்கூடாது. விதியில் ஆண்டுகளை ஆறு என்று எழுதியதும் தவறு, எண்ணத் தொடங்கிய நாளும் தவறு. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ மூன்று ஆண்டு பறிபோயிருக்கும். நிதியாண்டு முடிந்த நாளிலிருந்து 8 ஆண்டு என்று ஒரே விதி வைத்தால் இரண்டு சட்டங்களும் அடங்கிவிடுகின்றன. கடைசி நாள் நீட்டிக்கப்பட்ட 2018-19க்குக்கூட (அது 31.12.2020 வரை போனது) ஜிஎஸ்டி கணக்கு 31.12.2026இல் முடிகிறது, நம் விதி 31.3.2027 வரை காக்கிறது. கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் தனி ஒருவருக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தாது என்பதால், அவர்கள் தங்களுக்குரிய வரிச் சட்டங்களின் நாள்களை வைத்துத் தனியே கணக்கிட வேண்டும்.

பர்வியூவில் ரெக்கார்ட்ஸ் மேனேஜ்மெண்ட் பகுதிக்குள் ஃபைல் பிளான் என்ற இடத்தில் லேபிளை, அதாவது ஆவணத்தின் மீது ஒட்டும் ஆயுள் குறியீட்டை, உருவாக்குங்கள். காலம் எதிலிருந்து ஓட வேண்டும் என்று அது கேட்கும்போது நான்கு வழிகள் கிடைக்கும்: உருவான நாள், கடைசியாகத் திருத்திய நாள், லேபிள் இட்ட நாள், ஒரு நிகழ்வு நடந்த நாள். கணக்கு ஆவணங்களுக்கு நான்காவதைத் தேர்ந்தெடுத்து, ‘நிதியாண்டு முடிவு’ என்று ஒரு நிகழ்வு வகையை அமையுங்கள். பழைய தாள்களை 2024இல் ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் அவற்றின் உருவான நாள் 2024 என்றே பதிவாகியிருக்கும் என்பதும் முதல் வழியைத் தவிர்க்க இன்னொரு காரணம். லேபிளின் பெயரையும் எண்ணும் முறையையும் சேமித்தபின் மாற்ற முடியாது, ஆகவே அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரப்புங்கள். நிகழ்வு வழி எண்ணுவதும் அழிப்புக்கு முன் பார்வையிடுவதும் எல்லா உரிமங்களிலும் கிடைப்பதில்லை என்பதால் அதையும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து ஒவ்வொரு ஆவணத்திலும் அசெட் ஐடி என்ற இடத்தில் ‘நிஆ-2022-23’ போன்ற அடையாளத்தை இட வேண்டும். ஆண்டு முடிந்ததும் ஈவெண்ட்ஸ் பகுதியில் அதே அடையாளத்தையும் 31.3.2023 என்ற தேதியையும் தந்து நிகழ்வைப் பதிந்தால், அந்த ஆண்டின் ஆவணங்களுக்கு மட்டும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இந்த இடத்தில் நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். சோதனைக்காக ஒரு நிகழ்வைப் பதிந்தபோது அசெட் ஐடியை வெறுமையாக விட்டுவிட்டேன். அந்த நிகழ்வு வகையின் லேபிள் ஒட்டிய அத்தனை ஆவணங்களுக்கும், நடப்பாண்டு வவுச்சர்கள் உட்பட, ஒரே தேதியில் எண்ணிக்கை தொடங்கிவிட்டது. சோதனை நூலகம் என்பதால் இழப்பு ஏதுமில்லை. அன்றிலிருந்து நிகழ்வைப் பதிபவர் ஒருவர், திரையைப் படித்துச் சரிபார்ப்பவர் மற்றொருவர் என்று வைத்திருக்கிறேன். இதன் மறுபக்கமும் உண்டு: அடையாளம் இடப்படாத ஆவணத்துக்கு, ஆண்டு அடையாளத்தோடு பதியும் நிகழ்வு போய்ச் சேராது, அதற்கு எண்ணிக்கை தொடங்கவே தொடங்காது. மாதம் ஒருமுறை அசெட் ஐடி வெறுமையாக உள்ளவற்றைப் பிரித்துப் பாருங்கள்.

லேபிளைத் தானாக ஒட்டும் விதி போடுவதாக இருந்தால் முதலில் சிமுலேஷன் முறையில் (உண்மையில் ஒட்டாமல் ஒத்திகை பார்க்கும் முறை) ஓட்டி, சிக்கிய ஆவணங்களைக் கண்ணால் பாருங்கள். ‘ரெகுலேட்டரி ரெக்கார்ட்’ என்ற வகையை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அந்த லேபிளை ஒட்டியபின் முழு அதிகாரம் கொண்ட உலகளாவிய நிர்வாகியாலும் (குளோபல் அட்மின்) அகற்ற இயலாது, காலத்தைக் குறைக்கவும் இயலாது.

வழக்கோ மேல்முறையீடோ வந்தால் அந்த ஆவணங்களின் மீது ஹோல்ட் (அழிப்புத் தடை) போடுவது எல்லோருக்கும் தெரியும். ஹோல்ட் அழிப்பைத்தான் தடுக்கிறது, நாள் எண்ணிக்கையை நிறுத்துவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வழக்கு நடக்கும்போதே எட்டு ஆண்டு கடந்திருந்தால், ஹோல்டை எடுத்த உடனேயே ஆவணம் அழிப்புக்குத் தகுதி பெற்றுவிடும். ஜிஎஸ்டி சட்டமோ மேல்முறையீட்டின் இறுதித் தீர்ப்புக்குப் பின் ஓராண்டு அல்லது 72 மாதக் காலம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொல்கிறது. ஆகவே ‘வழக்கு முடிவு’ என்ற நிகழ்வோடு இன்னொரு லேபிளைத் தயாராக வைத்திருந்து, எட்டு ஆண்டு கடந்த ஆவணங்களுக்கு அதை மாற்றி ஒட்டியபின் ஹோல்டை எடுங்கள்; கடக்காதவற்றில் பழைய லேபிளின் முடிவு நாள் பிந்தியதா என்று பார்த்தபின் மாற்றுங்கள்.

காலம் முடிந்ததும் தானாக அழிக்கும்படி விடாமல் டிஸ்போசிஷன் ரிவ்யூவை (அழிப்புக்கு முன் ஒருவர் பார்வையிட்டு ஒப்புதல் தரும் முறை) தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. ஐந்து கட்டங்கள் வரை ஒப்புதல் வைக்கலாம் என்றாலும் ஆவணத்தை அறிந்த துறைத்தலைவர், அவருக்குப் பின் நிதி அல்லது சட்டப் பொறுப்பாளர் என இரண்டே போதும். கட்டம் கூடக்கூட ஒருவர் பார்ப்பார் என்று மற்றவர் பார்க்காமல் விடுவார். பார்வையிடுபவர் அழிக்க ஒப்பலாம், காலத்தை நீட்டிக்கலாம், வேறு லேபிள் தரலாம். ஷேர்பாயிண்டில் அழிந்தது காப்புப் பிரதியிலும், ஒருவர் மடிக்கணினியில் இறக்கிவைத்த நகலிலும், அலமாரியில் உள்ள அச்சுப் பிரதியிலும் இருந்துகொண்டே இருக்கும். ஒப்புதல் கிடைத்த அன்றே அவற்றுக்கும் நாள் குறித்துவிடுங்கள்.

அழித்ததற்கான சான்றை பர்வியூ அதிகபட்சம் ஏழு ஆண்டுதான் வைத்திருக்கும். அதற்குள் பட்டியலை ஏற்றுமதி செய்து, எந்த லேபிளின்படி, யார் ஒப்புதலில், எந்த நாளில் அழிந்தது என்ற விவரங்களோடு ஓர் அழிப்புப் பதிவேட்டில் சேர்த்து, அந்தப் பதிவேட்டுக்கு நி.மு. என்று லேபிள் இடுங்கள்.