காலிக்கு ஒரு நாள் புகையிரதப் பயணம்: முதலில் திரும்பும் வண்டியைத் தேடுங்கள்

கொழும்பின் வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்தின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன் என்றாலும், அந்தத் தண்டவாளத்தில் காலி வரை சென்று அன்றிரவே வீடு திரும்புவதற்கு நானே திட்டமிட்டது அண்மையில்தான். அம்மாவையும் அழைத்துச் சென்ற அந்த முதற் பயணத்தில் போகும் வழி முழுவதும் சீராக நடந்தது, திரும்பும் வழிதான் குழம்பிப்போனது. அதன் பிறகு மூன்று முறை சென்றுவந்த அனுபவத்தில், முதன்முறை செல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: நாளைத் தெரிவுசெய்தல்

வாரநாள் ஒன்றில் விடுமுறை எடுக்க முடியுமானால் அதுவே சிறந்தது. காலையில் அலுவலகக் கூட்டம் முழுவதும் கொழும்பை நோக்கி வருகிறது, நாமோ எதிர்த்திசையில் செல்கிறோம். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தோடு சேர்ந்த நீண்ட வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். முதல் நாள் இரவுச் செய்தியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புகையிரதப் பணிப்பகிஷ்கரிப்பு என்பது நம் நாட்டில் அபூர்வமான செய்தியன்று.

படி 2: திரும்பும் வண்டியிலிருந்து தொடங்குதல்

பெரும்பாலானோர் காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் இப்போது தலைகீழாகச் செய்கிறேன். மாலையில் காலியிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் வண்டிகளில், வீட்டுக்கு வந்துசேர நமக்கு ஒத்துவரும் கடைசி வண்டியையும் அதற்கு முந்தியதையும் ஒரு தாளில் எழுதிவைக்கிறேன். நாம் ஏற வேண்டியது முந்திய வண்டி, கடைசி வண்டி காப்புக்காக மட்டுமே. இந்த இரண்டும் முடிவான பிறகுதான், காலியில் நமக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கணக்கிட்டுக் காலை வண்டியைத் தெரிவுசெய்ய வேண்டும்.

நேர அட்டவணையைப் புகையிரதத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே, நீங்கள் செல்லும் திகதியைக் கொடுத்துப் பாருங்கள். சில வண்டிகள் வாரநாட்களில் மட்டும் ஓடுகின்றன, சில வார இறுதியில் நேரம் மாறுகின்றன. இதற்காகத் தனியார் தயாரித்த கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை, பழைய அட்டவணையை அப்படியே வைத்திருக்கும் செயலிகளைப் பார்த்திருக்கிறேன். ஐயம் இருந்தால் 1919 என்ற அரச தகவல் நிலையத்தின் இலக்கத்தை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். என் அம்மா இணையத்தைவிட இந்த இலக்கத்தைத்தான் விரும்புகிறார்.

பெயர் பெற்ற வண்டிகள் பற்றி ஒரு சொல். சாகரிகா, ருகுணு குமாரி போன்றவை தென்பகுதி மக்களைக் காலையில் கொழும்புக்குக் கொண்டுவந்து, பிற்பகலிலும் மாலையிலும் திருப்பி அழைத்துச் செல்பவை. பெயரில் மயங்கி அவற்றைத் தேடினால் ஒரு நாள் பயணத்துக்குச் சரிவராது.

படி 3: பயணச்சீட்டு

முற்பதிவுச் சீட்டு, சாதாரணச் சீட்டு என இருவகை உண்டு. முற்பதிவு முப்பது நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது, இணையத்திலும் செய்யலாம். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்துப் பதியுங்கள், பயணத்தன்று அட்டையையும் கையில் வைத்திருங்கள். போவதற்கும் வருவதற்கும் தனித்தனியே பதிவுசெய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நுவரெலியா, எல்ல போன்ற மலைநாட்டுப் பயணங்களுக்கு முற்பதிவு அவசியம். காலிக்கு அப்படியில்லை. வயதானவர்களோ கைக்குழந்தையோ உடன் வராவிட்டால், சாதாரண இரண்டாம் வகுப்புச் சீட்டே போதும் என்பது என் கருத்து.

ஆனால் சாதாரணச் சீட்டு என்பது வகுப்புக்கான உரிமை மட்டுமே, இருக்கைக்கான உரிமை அன்று. கொழும்பு கோட்டை நிலையத்தில் செல்லும் திசைக்கேற்பக் கருமபீடங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன, வரிசையில் சேருமுன் மேலே உள்ள பலகையைப் படித்துவிடுங்கள். சில்லறையும் கொண்டுசெல்லுங்கள்.

படி 4: எங்கே ஏறுவது

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக்காரர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்திலேயே ஏறிவிடலாம் என்றுதான் நினைப்பார்கள். கடுகதி வண்டிகள் பல இந்த நிலையங்களில் நிற்பதில்லை. நின்றாலும், கோட்டையில் நிரம்பிய பெட்டியில் நமக்கு எஞ்சியிருப்பது கதவோரம்தான். ஆகவே 100ஆம் அல்லது 101ஆம் இலக்கப் பேருந்தில் காலி வீதி வழியே எதிர்த்திசையில் கோட்டைக்குச் சென்று ஏறுவதே உத்தமம். இன்னும் ஒரு நிலையம் முன்னதாக மருதானைக்கே சென்றுவிட்டால், அங்கிருந்து புறப்படும் வண்டியில் விரும்பிய சன்னலைத் தெரிவுசெய்யும் வசதியும் கிடைக்கும். பேருந்திலோ முச்சக்கர வண்டியிலோ செலவாகும் அந்த அரை மணி நேரம், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு செல்வதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

படி 5: எந்தப் பக்கம் அமர்வது

காலிக்குச் செல்லும்போது வலப்பக்கம். கடல் அந்தப் பக்கம் இருப்பதோடு, காலை வெயில் இடப்பக்கத்தில் விழுவதால் நிழலும் நமக்கே. கொள்ளுப்பிட்டியிலிருந்து சில இடங்களில் அலை தெறிக்கும் தூரத்திலேயே வண்டி ஓடும். பாணந்துறைக்குப் பின் தென்னந்தோப்புகளுக்குள் நுழைந்து, களுத்துறையில் களு கங்கையைக் கடந்து, மீண்டும் கடலைக் காட்டும். அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையில் பெரலிய வரும்; 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஒரு புகையிரதத்தையே அள்ளி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இடம் அதுதான்.

அளுத்கமைக்கு அப்பால் ஒற்றைத் தண்டவாளம் என்பதால், எதிரே வரும் வண்டிக்கு வழிவிடுவதற்காக ஏதாவது ஒரு நிலையத்தில் நிற்க நேரலாம். அந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கடல் இடப்பக்கம். ஆனால் பிற்பகல் வெயிலும் அதே பக்கத்திலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் களுத்துறை வரை வந்தார்.

படி 6: காலியில்

நிலையத்திலிருந்து வெளியே வந்தால் பேருந்து நிலையம், அடுத்து கிரிக்கெட் மைதானம், அதற்கப்பால் காலிக் கோட்டையின் மதில். நடந்தே போய்விடலாம், முச்சக்கர வண்டி தேவையில்லை. 1755இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம், மீரான் பள்ளிவாசல், 1939இல் எழுந்த வெளிச்சவீடு ஆகியவற்றை மதிலோரமாகச் சுற்றி வந்தாலே மூன்று மணி நேரம் போய்விடும். கோட்டைக்குள் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்வதால் வழி கேட்பதற்கும் தயங்க வேண்டியதில்லை. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்ட புகழ்பெற்ற கல்வெட்டு 1911இல் காலியில்தான் கண்டெடுக்கப்பட்டது. அதைத் தேடி அங்கே அலையாதீர்கள், அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

படி 7: காலி நிலையத்தில் திரும்ப ஏறுதல்

நான் வழுக்கி விழுந்த படி இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். மேடையில் ஒரு வண்டி நின்றிருந்தது. காலையில் நாங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோமோ அந்தப் பக்கத்தை நோக்கியே அதன் இயந்திரம் இருந்தது. வந்த வழியே திரும்பும் வண்டிதான் இது, சந்தேகமில்லை என்று முடிவுகட்டி, பலகையைக்கூடப் பார்க்காமல் அம்மாவை ஏற்றிவிட்டேன். சன்னலோர இருக்கையும் கிடைத்தது. வண்டி புறப்பட்டுச் சிறிது நேரத்தில், எதிரே அமர்ந்திருந்த தொப்பியணிந்த பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டு, “மகன், இது மாத்தறைக்குப் போற கோச்சி” என்றார்.

விடயம் இதுதான். காலி நிலையம் ஒரு முட்டுச்சந்து போன்றது. தண்டவாளம் அதனூடாகக் கடந்து செல்வதில்லை, நிலையத்துக்குள் வந்து முடிகிறது. கொழும்பிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் வண்டியும் இங்கே வந்து, இயந்திரத்தை மறுமுனையில் மாட்டி, வந்த பக்கமாகவே வெளியேறித்தான் மாத்தறைத் தண்டவாளத்தைப் பிடிக்கிறது. எனவே கொழும்பு வண்டியும் மாத்தறை வண்டியும் ஒரே திசையில்தான் புறப்படும், இயந்திரம் நிற்கும் பக்கத்தைப் பார்த்து எதையும் அறிய முடியாது. நாங்கள் உனவட்டுனையில் இறங்கி, முச்சக்கர வண்டி பிடித்துக் காலிக்குத் திரும்புவதற்குள் எங்கள் வண்டி போய்விட்டது. தாளில் எழுதிவைத்த கடைசி வண்டிதான் எங்களைக் காப்பாற்றியது, அதிலும் பாணந்துறை வரை நான் நின்றுகொண்டே வந்தேன்.

ஆகவே காலியில் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். மேடையிலுள்ள பலகையில் சேருமிடத்தைப் படியுங்கள், அறிவித்தலைக் கேளுங்கள், ஏறுமுன் அருகில் நிற்கும் ஒருவரிடம் “கொழும்பா, மாத்தறையா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். இந்த மூன்றில் கடைசியையே நான் அதிகம் நம்புகிறேன்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சென்றுவந்த சிலர் சொன்னவற்றையும் சேர்க்கிறேன். ஒருவர் வண்டியில் ஏறியதும் சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, காலி வாயிலில் விழித்து நின்றிருக்கிறார். வெளியேறும் வாயிலில் சீட்டைக் கேட்பார்கள், அதுவரை பணப்பையிலேயே வைத்திருங்கள். வெள்ளவத்தையிலிருந்து காலிக்கெனச் சீட்டெடுத்த பின் கோட்டைக்குச் சென்று ஏறலாமா என்று ஒருவர் கேட்டார். அந்தச் சீட்டு கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரையான தூரத்தை உள்ளடக்காது என்பதால், கோட்டையிலேயே புதிதாக எடுங்கள்.

அதிவேக வீதிப் பேருந்து இதைவிட விரைவானதல்லவா என்ற கேள்வியும் வந்தது. விரைவானதுதான். மாத்தறை வண்டியில் ஏறிக் கடைசிப் புகையிரதத்தையும் தவறவிடுபவர்கள், காலியிலிருந்து அந்தப் பேருந்திலேயே கொட்டாவைக்கு அருகிலுள்ள மாக்கும்புரைக்கு வந்து, அங்கிருந்து வீடு சேரலாம்.